வேறொரு நாட்டுப் பண்டிகையை வீட்டில் கொண்டாடும்போது எங்கே சறுக்குகிறோம்?

விடுமுறை நாளில் குடும்பமாக வேறொரு நாட்டு வழக்கப்படி கொண்டாடிப் பார்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் பல வீடுகளில் 'இன்றைக்கு ஜப்பான்' என்று அறிவித்து, கொடியை ஒட்டி, நூடுல்ஸ் கிளறி, சாயங்காலத்துக்குள் கடையைக் கட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடியின் நிறம் மட்டும்தான் மிஞ்சும். நாட்டை எடுக்காதீர்கள், ஒரு நாளை எடுங்கள். அந்த நாளில் அங்கே ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நவ்ரூஸ் என்கிற ஈரானியப் புத்தாண்டையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 20 வாக்கில், பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும்போது வரும். நள்ளிரவு 12 மணிக் கணக்கெல்லாம் கிடையாது. சூரியன் பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் நொடியில்தான் ஆண்டு பிறக்கிறது. அது ஒரு வருடம் மத்தியானமாக இருக்கும், இன்னொரு வருடம் விடியற்காலையாக இருக்கும். வீட்டார் 'ஹஃப்த் ஸீன்' விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து காத்திருப்பார்கள். விரிப்பில் ஏழு பொருள்கள் இருக்கும், எல்லாமே பாரசீக மொழியில் 'ஸீன்' என்ற எழுத்தில் தொடங்குபவை. ஸீப் என்றால் ஆப்பிள், ஸீர் என்றால் பூண்டு, ஸெர்கே என்றால் வினிகர். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆப்பிளையும் பூண்டையும் அழகாக அடுக்குவார்கள், பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெயர் போய்விட்டால் அது வெறும் காய்கறித் தட்டு.

அந்த ஏழில் ஒன்று ஸப்ஸே, அதாவது முளைப்பயிர். கோதுமையை ஊறவைத்து, தட்டில் பரப்பி, ஈரத்துணியால் மூடி, தினம் தண்ணீர் தெளித்து வந்தால் விரல் உயரத்துக்குப் பச்சை எழும்பப் பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆகும். நாங்கள் முதல் முறை முந்தின ராத்திரிதான் ஊறவைத்தோம். மறுநாள் விரிப்பில் வைக்க முடிந்தது, ஊறிப் பருத்த கோதுமை ஒரு கிண்ணம்! அடுத்த வருடம் சின்னவளே காலண்டரில் மார்ச் 8-ஐ வட்டமிட்டு வைத்தாள். பண்டிகை அவளுக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

பக்கத்து நாடுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் உண்டு. ஆப்கானிஸ்தானிலும் நவ்ரூஸ் உண்டு. ஆனால் அங்கே ஏழு வகை உலர்பழங்களும் கொட்டைகளும் ஊறவைத்த 'ஹஃப்த் மேவா'தான் விசேஷம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து 'அரபு நாட்டுப் பண்டிகை' என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டுமே அரபு நாடுகள் அல்ல.

வீடியோவில் பார்த்ததையே முழு வழக்கம் என்று நம்புவது அடுத்தது. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் நாள் என்றதும் மண்டையோட்டு முகப்பூச்சும் பிரம்மாண்ட ஊர்வலமும்தான் நினைவுக்கு வரும். மெக்சிகோ நகரின் அந்த ஊர்வலம் தொடங்கியதே 2016-இல்தான், அதுவும் முந்தின வருடம் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படியொரு காட்சியைக் காட்டியதால்! வீடுகளில் நடப்பது வேறு. இறந்தவரின் படம், செண்டுமல்லிப் பூ, மெழுகுவர்த்தி, அவருக்குப் பிடித்த சாப்பாடு. இதைப் பேய் வேட விளையாட்டாக்கிவிட்டால் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியைப் பற்றிப் பேசக் கிடைத்த ஒரு சாயங்காலம் வீணாகிவிடும்.

சின்ன விஷயங்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஜப்பானியரின் கிமோனோ உடையை உடுத்தினால் இடப்பக்க மடிப்புதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும் அங்கே சாவுச் சடங்கைத்தான் நினைவூட்டும்.

அப்புறம், முடிந்ததும் 'தலைநகரம் எது, சொல்லு பார்ப்போம்' என்று பரீட்சை வைக்காதீர்கள். அந்த நாட்டுக்காரர் யாராவது தெரிந்தவராக இருந்தால் நாட்டைப் பற்றி அல்ல, அவர் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்.

மறுநாளே எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிடுவதும் ஒரு தவறுதான். நவ்ரூஸ் அன்றோடு முடிவதில்லை. பதின்மூன்றாம் நாள் வீட்டில் இருக்காமல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்புவார்கள். ஸப்ஸேயின் இலைகளை முடிச்சுப் போட்டு, மனத்துக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு, ஓடும் தண்ணீரில் விடுவார்கள். பிள்ளைகள் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.