புதுச்சேரி, கடலூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு: சொகுசுக் கப்பல் ஏறப் போகும் தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

சொகுசுக் கப்பலின் பயணச்சீட்டில் புறப்படும் நேரம் மாலை என்று அச்சிடப்பட்டிருந்தால், காலை உணவை முடித்து, வீட்டைப் பூட்டி, நிதானமாகக் கிளம்பினால் போதும் என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் இருப்பவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் கணக்கில் கொள்ள வேண்டியது கப்பல் புறப்படும் நேரம் அன்று. பயணிகளை ஏற்றிக்கொள்வதற்கான பதிவு மூடப்படும் நேரமே. அது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடும். பயணச்சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த நேரத்தைத் தேடி எடுத்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

பதிவு பிற்பகல் 3 மணிக்கு மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். துறைமுக வாயிலில் 1 மணிக்கு நிற்பதே பாதுகாப்பானது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 150 கி.மீ.; திருவான்மியூரைத் தொட மூன்று மணி நேரம் ஆகும். அங்கிருந்து அடையாறு, சாந்தோம், மெரினா கடற்கரை வழியாகத் துறைமுகம் இருக்கும் ராஜாஜி சாலைக்குச் செல்ல இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். வழியில் தேநீருக்கு நிறுத்துவதையும் சேர்த்தால், புதுச்சேரியை விட்டு 8 மணிக்குள் கிளம்பியாக வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தேவை. புதுச்சேரி நகருக்குள் காலை நேரத்தில் ஊர்ந்து செல்ல நேரிடுவதே காரணம்.

வாடகைக் கார் எடுத்தால் ஒருவழிக் கட்டணத்துக்கு வரும் டிராப் டாக்சியே போதுமானது. சொந்தக் காரைச் சென்னையில் மூன்று, நான்கு நாள்கள் நிறுத்திவைப்பது வீண் கவலை. ஓட்டுநரிடம் மெரினா வழியாகவே வரச் சொல்லுங்கள். ராயபுரம் பக்கத்திலிருந்து வரும் சாலைகளில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து; வார இறுதிக்குப் புதுச்சேரி வந்த சென்னைவாசிகள் அனைவரும் அப்போதுதான் அதே சாலையில் திரும்பிக்கொண்டிருப்பார்கள். சுதந்திர நாளை ஒட்டிய நாள்களில் கோட்டைக்கு எதிரே ராஜாஜி சாலையிலும், குடியரசு நாளை ஒட்டிய நாள்களில் காமராசர் சாலையிலும், ஒத்திகை நடக்கும் நாள்கள் உட்பட, போக்குவரத்து திருப்பிவிடப்படும். அந்த வாரங்களில் பயணம் என்றால் முன்தினச் செய்தித்தாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பேருந்தில் செல்வோர் ஏறும் முன் பெயர்ப்பலகையைக் கவனிக்க வேண்டும். திண்டிவனம் வழியாகச் செல்லும் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடுகின்றன. துறைமுகம் அங்கிருந்து நகரின் மறு கோடியில் இருக்கிறது. ரயிலே பிடிக்கும் என்பவர்கள் புதுச்சேரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் எழும்பூர் வண்டியைப் பயன்படுத்தலாம். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் ஏறுவோருக்குச் சோழன் விரைவு வண்டி உண்டு. ஆனால் அது மாலையில்தான் சென்னை சேரும் என்பதால் முன்தினம் போய்த் தங்குவோருக்கே உதவும். எழும்பூரிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் புறநகர் ரயில் சில நிமிடங்களில் கொண்டுவிடும். கடற்கரை நிலையம் ராஜாஜி சாலையிலேயே இருக்கிறது. எனினும் துறைமுகத்துக்கு வாயில்கள் பல. உங்களுக்குரிய வாயில் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்த மதிற்சுவர் ஓரமாக நடப்பது வெயிலில் பெரும் தண்டனை. எழும்பூரில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நிறுத்தப்படுவதும் உண்டு. அப்படியானால் தாம்பரத்திலிருந்தே கடற்கரைக்கு நேராகப் புறநகர் ரயில் கிடைக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. விழுப்புரம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையும் துண்டிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முதல் நாளே சென்னை சேர்ந்து, மண்ணடியிலோ பாரிமுனையிலோ எழும்பூரிலோ அறை எடுத்துத் தங்கிவிடுவதே அறிவுடைமை. விடுதியில் கணவன், மனைவி இருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள். கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் அன்றைய செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போகாமல், கப்பல் நிறுவனத்தின் குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் உடனே பாருங்கள்; 3ஆம் எண் கூண்டு முதலே துறைமுகத்துக்கு உள்ளூர் எச்சரிக்கை என்று பொருள், கப்பலின் நேரமும் வழியும் மாறக்கூடும்.

ஆவணங்களில்தான் தம்பதியர் அதிகம் இடறுகிறார்கள். நம் பெயர்களில் முன்னெழுத்து ஒரு சிக்கல்: திருமணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் மனைவியின் பெயருக்கு முன் தந்தையின் எழுத்தும், பின்னர் எடுத்த பாஸ்போர்ட்டில் கணவரின் பெயரும் இருக்கும். எந்த ஆவணத்தைக் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பயணச்சீட்டில் பெயர் இருக்க வேண்டும். வேறுபாடு தெரிந்தால் பதிவு செய்த அன்றே திருத்திக்கொள்ளுங்கள். வாயிலில் திருத்த முடியாது. இந்தியக் கரைக்குள்ளேயே சுற்றும் பயணத்துக்கு அரசு வழங்கிய அடையாள அட்டை போதும். திருகோணமலை, காங்கேசன்துறை, அம்பாந்தோட்டை என இலங்கைத் துறைமுகம் ஏதேனும் வழித்தடத்தில் இருந்தால் பாஸ்போர்ட் கட்டாயம். அது பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இலங்கை நுழைவு அனுமதியையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும்.

புதுச்சேரிக்கே உரிய நிலை ஒன்று உண்டு. தம்பதியரில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவராக இருக்கும் குடும்பங்கள் இங்கே குறைவில்லை. அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தால் கவலையில்லை. ஒரே முறை நுழைவதற்கான விசாவில் வந்திருப்பவர் இலங்கைக்குப் போய்விட்டால் இந்தியாவுக்குத் திரும்ப அதே விசா உதவாது. ஊரில் இறங்கிய மகிழ்ச்சியில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மனைவி கருவுற்றிருந்தால், 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. அதற்குட்பட்ட காலம் என்றால் மருத்துவரின் சான்றிதழ் வேண்டும்.

பெட்டியில் இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் ஆகியவை வேண்டாம், பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள். விலை குறைவு என்று புதுச்சேரி மதுப்புட்டிகளை எடுத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு முதல் தடை தமிழக எல்லைச் சோதனைச் சாவடியில் காத்திருக்கிறது, இரண்டாவது தடை கப்பலில். பெரிய பெட்டிகளை முனையத்திலேயே அட்டை கட்டி வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும் என்பதால் மாத்திரைகள், ஆவணங்கள், கைப்பேசி மின்னேற்றி ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். இருவரின் அடையாள அட்டைகளும் ஒருவர் பையிலேயே இருக்க வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் ஆண், பெண் வரிசைகள் பிரியும்போது மற்றவர் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

திரும்பும் நாளில் கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் இறங்குவது தளம் தளமாகத்தான் நடக்கும். எனவே நண்பகலுக்கு முன் கிளம்பும் எந்த வண்டிக்கும் முன்பதிவு செய்ய வேண்டாம். புதுச்சேரிக்கு எழும்பூரிலிருந்து மாலையில் கிளம்பும் ரயில் வசதியானது. கடலூர்க்காரர்கள் கிளாம்பாக்கம் போய்ப் பேருந்து பிடித்தால் இருட்டுவதற்குள் வீடு சேரலாம்.