சேலத்தில் முதல் மனை: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

சேலத்தில் எந்தப் பக்கம் மனை பார்க்கப் போனாலும் ஒரே வசனம்தான் காதில் விழும்: “நாளைக்கு வேற பார்ட்டி வருது சார், ஒரு ஐம்பதாயிரம் போட்டு வெச்சுருங்க.” நான் மூன்று இடத்தில் கேட்டேன். ஒரு இடத்தில் பர்ஸையே திறந்துவிட்டேன். கூட வந்த சித்தப்பா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியதால் பணம் தப்பியது. எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அந்த மனையில் அதே வேலிக்காத்தான் அப்படியே நின்றது. அந்த வேறு பார்ட்டி இன்னும் வந்து சேரவில்லை.

மனை வாங்கி வீடு கட்ட முதல் தடவையாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பாதி வேலையைத் தலைகீழாகச் செய்தேன். நீங்கள் இந்த வரிசையில் செய்யுங்கள்.

படி 1: கையில் எவ்வளவு இருக்கிறது?

30க்கு 40, அதாவது 1200 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சதுர அடி 1,500 ரூபாய். மனை விலை 18 லட்சம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பத்திரச் செலவு தனி: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. இந்த மனைக்கு 1,62,000 ரூபாய். அந்த இடத்துக்கு அரசு குறித்துவைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலை, இரண்டில் எது கூடுதலோ அதன் மேல்தான் இது கணக்காகும். 10 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும். 2025 ஏப்ரலில் வந்த சலுகை. ஊருக்கு வெளியே சின்ன மனை வாங்குகிறவர்கள் மறக்க வேண்டாம்.

வங்கி முழுத் தொகையும் தராது. வீட்டுக் கடன் 30 லட்சத்துக்குள் என்றால் சொத்து மதிப்பில் 90% வரை, 75 லட்சம் வரை என்றால் 80%, அதற்கு மேல் 75%. ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்ச வரம்பு இது. வெறும் மனைக்குப் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது என்பதால் அந்த 1,62,000 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

தவணைக் காலத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 20 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் மாதம் சுமார் 17,360 ரூபாய். அதையே 15 வருடத்தில் கட்டினால் சுமார் 19,700. மாதம் 2,300 ரூபாய் கூடுதல்தான், ஆனால் மொத்தத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் மிச்சம். எனக்கு அந்த 2,300 அப்போது பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது.

படி 2: இடத்தை மழையில் பாருங்கள்

சேலம் ஒரு கிண்ணம் மாதிரி. வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. மலையில் பெய்கிற மழை ஓடைகளாகவும் திருமணிமுத்தாறாகவும் இறங்கி ஊருக்குள்தான் வரும். கன்னங்குறிச்சி மூக்கனேரி நிரம்புவதே சேர்வராயன் மலைத் தண்ணீரால்தான். ஏரிக்குக் கீழே, ஓடைக்கு ஓரத்தில் மனை என்றால் கோடையில் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு மனை இருந்தது. சித்திரை மாதம், தரை காய்ந்து பளிச்சென்று கிடந்தது. எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஐப்பசியில ஒருக்கா வந்து பாரு கண்ணு.” போனேன். முட்டிவரை தண்ணீர், அதில் ஒரு எருமை சுகமாகப் படுத்திருந்தது. புரோக்கர் காட்டாததைப் பன்னிரண்டு ரூபாய் டீ காட்டிக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் மூன்று விஷயம் கேளுங்கள்: போர் எத்தனை அடி போட்டீர்கள், எத்தனாவது அடியில் தண்ணீர் வந்தது, மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது. சேலத்துக்கு அடியில் கெட்டிப் பாறை. பக்கத்து மனையில் தண்ணீர் வந்தது என்பதற்காக உங்களுக்கும் அதே ஆழத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு அடிக் கணக்கில்தான் கூலி, தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும்.

ஏற்காட்டில் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். மலைப்பகுதியில் கட்டட அனுமதிக்குத் தனி விதிகள், தனி ஆணையம். நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலங்களும் உண்டு. அவற்றை நினைத்தபடி விற்க முடியாது. மலை மேல் குளிர்ச்சியாக இருக்கும், உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள்.

படி 3: பேப்பர்

இங்கே அவசரப்படாதீர்கள். விற்கிறவரிடம் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

முதலில் தாய்ப்பத்திரம். நிலம் யாரிடமிருந்து யாருக்கு, எப்படி வந்தது என்ற சங்கிலி எங்கும் அறுந்திருக்கக் கூடாது. அப்புறம் வில்லங்கச் சான்றிதழ், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். ஆனால் வில்லங்கம் சுத்தமாக இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நினைக்கக் கூடாது. பதிவு அலுவலகத்துக்கு வந்தது மட்டும்தான் அதில் இருக்கும். பதியாத உயில் அதில் தெரியாது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் தெரியாமல் போகலாம்.

மூன்றாவது பட்டா, அ-பதிவேடு (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்). மூன்றையும் வருவாய்த்துறையின் இ-சேவை தளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். புறம்போக்கா, கோயில் நிலமா என்பது அ-பதிவேட்டில்தான் பிடிபடும். விற்கிறவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். “பட்டா அப்பா பேர்ல இருக்கு, அதெல்லாம் மாத்திக்கலாம்” என்றால், மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த இடத்தில் எந்தச் சாலைக்காவது நில எடுப்பு அறிவிப்பு இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். 2018இல் எட்டு வழிச் சாலைக்குக் கல் நட்ட கதையைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதிகம் பேர் மாட்டுவது வாரிசு விஷயத்தில். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது, 2005இல் நாடு முழுக்க. நான் வாங்கிய மனையை விற்றவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். “தங்கச்சிங்களுக்குச் சீர் எல்லாம் செஞ்சாச்சு, அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றார்கள். கேட்க மாட்டார்கள்தான், ஆனால் அவர்கள் பிள்ளைகள் பதினைந்து வருடம் கழித்துக் கேட்கலாம். வக்கீல் விடவில்லை. ஒரு தங்கை ஆத்தூரிலிருந்தும் இன்னொருவர் தர்மபுரியிலிருந்தும் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதிவு நடந்தது. இதற்காக ஒன்றரை மாதம் தள்ளிப்போனது, போகட்டும்.

மனைப்பிரிவில் வாங்கினால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணையும் அனுமதித்த வரைபடத்தையும் வாங்கி, உங்கள் மனை எண் அதில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மனையாக்கி விற்பதும் நடக்கிறது. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ மனைகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். அனுமதி இல்லாத பழைய மனைப்பிரிவு என்றால், 2017இல் வந்த திட்டத்தில் வரன்முறை செய்த ஆணை இருக்கிறதா, மனைப்பிரிவுக்கு மட்டுமா, உங்கள் மனைக்கும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பவர், அதாவது உரிமையாளருக்காக விற்கும் அதிகாரப் பத்திரம், வாங்கியவர் விற்றால், பவர் கொடுத்தவரை நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்த நிமிடமே அந்தப் பவர் செல்லாது.

சொத்து விவகாரம் மட்டும் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் இவ்வளவையும் கொடுத்து, எழுத்தில் கருத்து வாங்குங்கள். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

படி 4: டேப்

பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6. நம் 1200 சதுர அடி பட்டாவில் சுமார் 1.11 ஏர் என்று வரும். புலப்படம் மீட்டரில் இருக்கும்: 40 அடி என்றால் 12.19, 30 அடி என்றால் 9.14.

நூறு அடி டேப்பை எடுத்துக்கொண்டு நானும் சித்தப்பாவும் ஒரு காலையில் போனோம். 30 அடி சரியாக இருந்தது. நீளத்தில் டேப் 38 அடி 4 அங்குலத்தில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் போய் முட்டியது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தோம். “ஒண்ணரை அடிதானே தம்பி, வீட்டுக்குள்ள தெரியவா போகுது” என்றார் விற்றவர். சித்தப்பா தரையில் குந்தி, ஒரு குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டார். ஒன்றே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு, 30 அடி அகலத்துக்கு 50 சதுர அடி. சதுர அடி 1,500 வைத்தால் 75 ஆயிரம் ரூபாய். விற்றவர் அதற்கப்புறம் பேசவில்லை.

இப்படி வந்தால் சண்டை போடாதீர்கள். நில அளவைக்குக் கட்டணம் கட்டி அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி விண்ணப்பிக்கலாம். சர்வேயர் வந்து கல் போட்டுக் கொடுப்பார். எங்களுக்குச் சுவரை இடிக்க மனம் வரவில்லை. உள்ள அளவுக்கே பத்திரம், உள்ள அளவுக்கே விலை என்று முடித்தோம்.

படி 5: அட்வான்ஸ், பதிவு

பர்ஸை இப்போது திறக்கலாம். ஆனால் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்த பிறகு. முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைப்பதில் பிரயோஜனம் இல்லை. தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்துக்காக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. எத்தனை மாதத்தில் கிரயம், பேப்பரில் குறை வந்தால் அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கிரயப் பத்திரத்தின் வரைவில் நான்கெல்லையையும் சர்வே எண்ணையும் நீங்களே வாசித்துச் சரிபாருங்கள். கிழக்கு மேற்காக மாறி, பிழைத்திருத்தப் பத்திரம் எழுதி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலைத் தள்ளிப்போடாதீர்கள். உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் வர வேண்டியிருக்கும், நாள் ஆகும். கடன், கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

படி 6: வீட்டைப் பேப்பரில் கட்டுங்கள்

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். முதல் வீடு கட்டும் பெரும்பாலானவர்கள் இதற்குள் வந்துவிடுவார்கள். நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தை விட்டே வரையுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்.

வாஸ்துவில் வீட்டுப் பெரியவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள், சமையலறை அக்னி மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மேற்குச் சுவரில் விட்டுக்கொடுக்காதீர்கள். சேலத்து மே மாத வெயில் மத்தியானம் ஏறிய சுவர் ராத்திரி பதினொரு மணிக்கும் தொட்டால் சுடும். படிக்கட்டு, குளியலறை, ஸ்டோர் ரூம் மூன்றையும் மேற்கே தள்ளினால் படுக்கையறை பிழைக்கும்.

கட்டுகிறவரிடம் விலை பேசும்போது “சதுரம் எவ்வளவு” என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு சதுரம் 100 சதுர அடி. அதில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட், போர், கேட், மின் இணைப்பு, இவை பெரும்பாலும் வெளியே நிற்கும். எங்கள் மேஸ்திரி சதுரத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டு மகிழ்ந்துபோன நான், வெளியே நின்ற செலவுக்காக வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்தேன். ஒரே ஆறுதல், வளையல் போன ஆடியில் திரும்பி வந்துவிட்டது; காம்பவுண்டுக்கு மட்டும் இன்னும் பூச்சு இல்லை.