பச்சைக்குழந்தையைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் சும்மா உட்காருங்கள்

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் பழத்தோடு அறிவுரையும் கொண்டுபோவார்கள். "பால் பத்தலை போல", "உரம் விழுந்திருக்கும்" என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். பச்ச உடம்புக்காரிக்கு அது பயத்தைத்தான் தரும். நீங்கள் புதிதாகச் சேர்ந்த செவிலியரோ, ஆஷா எனும் கிராம சுகாதாரப் பணியாளரோ, சொந்தக்கார அக்காவோ, தாயோடு சேர்ந்து குழந்தையைக் கவனிக்கப் பழகுங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1973-ல் வெளியிட்ட பச்சிளம் குழந்தை நடத்தை அளவுகோல்தான் இதற்கு வேர். பின்னால் கெவின் நூஜென்ட் குழுவினர் அதை 18 அம்சங்களாகச் சுருக்கினார்கள். அது மதிப்பெண் போடும் சோதனை இல்லை, பெற்றோரும் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். கீழே இருப்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சில படிகள் மட்டும்.

படி 1: நேரம். இரண்டு பால் வேளைகளுக்கு நடுவே, குழந்தை தூங்கும்போது போங்கள். கை கழுவுங்கள். சளி இருந்தால் போகவே வேண்டாம்.

படி 2: எந்த நிலை? ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம், தூக்கக் கலக்கம், அமைதியான விழிப்பு, துறுதுறுப்பு, அழுகை என்று ஆறு உண்டு. ஏமாற்றுவது இரண்டாவதுதான். ஒரு வீட்டில் ஒன்பது நாள் குழந்தை முனகி, முகத்தைச் சுளித்தது. பாட்டி தூக்கக் கை நீட்டினார். "ஒரு நிமிஷம் பெரியம்மா" என்றேன். மூடிய இமைக்குள் கருவிழி உருண்டது, மூச்சு சீராக இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, பிள்ளை அயர்ந்து தூங்கியது. "அப்போ ராத்திரியெல்லாம் தூங்கறவனைத்தான் எழுப்பிட்டிருந்தேனா?" என்றாள் குழந்தையின் அம்மா.

(எடை குறைந்த, சரியாகக் குடிக்காத குழந்தை என்றால் எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும்.)

படி 3: கிலுகிலுப்பை. தூங்கும் குழந்தையிடமிருந்து ஓர் அடி தள்ளி ஒருமுறை ஆட்டுங்கள். திடுக்கிடும். அடங்கியதும் மறுபடி ஆட்டுங்கள். பல குழந்தைகள் நாலைந்து முறைக்குள் சத்தத்தை ஒதுக்கிவிட்டுத் தூங்கும். ஒவ்வொரு தடவையும் தூக்கிப்போட்டால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பிள்ளைக்குச் சந்தடி இல்லாத மூலை வேண்டும் என்று தெரிந்துகொண்டோம், சரி.

படி 4: பசியா, போதுமா? தலையைத் திருப்பி வாயால் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, நாக்கை நீட்டுவது எல்லாம் பசி. வீறிட்டு அழுவது பசியின் கடைசிக் கட்டம்; அப்போது மார்பில் போட்டால் பிடிக்காது. முதலில் பேசுங்கள், அப்புறம் நெஞ்சில் கை வையுங்கள், கைகளைச் சேர்த்துப் பிடியுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் தூக்குங்கள். விளையாட்டுக்கு நடுவே கண்ணைத் திருப்புவது, கொட்டாவி, விக்கல், விரல்களை விரிப்பது எல்லாம் பெரும்பாலும் "கொஞ்சம் விடுங்க" என்பதுதான், கோபம் இல்லை.

இதில் காத்திருக்கக் கூடாது: பால் குடிக்காமை, வலிப்பு, துவண்டு கிடப்பது, காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுவது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள். உடனே ஆஸ்பத்திரிதான்.

படி 5: பேச்சு. "நீங்க என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இன்னும் கஷ்டமான படி இதுதான். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடவே கூடாது.

அப்பாவை விட்டுவிடாதீர்கள். அதே வீட்டில் அவர் நிலைப்படியிலேயே நின்றார், குழந்தையைத் தூக்கப் பயம். குழந்தை விழித்து அமைதியாக இருந்தபோது, கண்ணில் படாமல் ஒரு பக்கமாக நின்று கூப்பிடச் சொன்னேன். கூச்சத்தோடு "டேய் தங்கம்" என்றார். பிள்ளையின் கண் முதலில் நகர்ந்தது, பிறகு தலை மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார், இந்த முறை பாயில் உட்கார்ந்து.