காற்றின் 'ஹூ'வை நீக்க ஒரு டிஜிட்டல் ஃபில்டர்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. விடியலில் செம்மீசைச் சின்னான் கூவுவதைப் பதிவு செய்தால், ஆடிக் காற்று மைக்கில் மோதி 'ஹூ' என்று அதை அமுக்கிவிடும். பறவையின் குரல் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே, காற்றின் இரைச்சல் பெரும்பாலும் வெகு கீழே. ஆக, உயர்ந்த அதிர்வெண்ணைக் கடக்கவிட்டு, தாழ்ந்ததைத் தடுக்கும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் போதும்.

அனலாக் மின்சுற்றில் இது இரண்டே பொருள்: 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 1.6 கிலோஓம் ரெசிஸ்டர். வெட்டு அதிர்வெண், அதாவது எதற்குக் கீழே தடுக்கிறதோ அந்த எல்லை, கிட்டத்தட்ட 1000 ஹெர்ட்ஸ். நொடிக்கு 8000 மாதிரி எடுக்கும் என் பதிவுக்கு இதையே கணக்காக மாற்ற வேண்டும்.

இம்பல்ஸ் இன்வேரியன்ஸ் என்றொரு முறை உண்டு. அனலாக் ஃபில்டரின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை (ஒரு கணத் துடிப்புக்கு அது தரும் பதிலை) மாதிரி எடுத்து அப்படியே பயன்படுத்துவது. தாழ்ந்ததைக் கடக்கவிடும் லோபாஸுக்கு நல்லது, ஹைபாஸுக்கு வேண்டாம். ஹைபாஸின் ரெஸ்பான்ஸ் மேலே போகப் போக அடங்குவதே இல்லை. மாதிரி வேகத்தில் பாதியான 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் மடிந்து கீழே விழுந்து கலந்துவிடும்.

அதனால் நான் நம்புவது பைலீனியர் டிரான்ஸ்ஃபார்ம். அனலாக் ஃபில்டரின் சமன்பாட்டில் அதிர்வெண்ணைக் குறிக்கும் எஸ் வரும் இடத்தில் (2/டி) × (1 − இசட்⁻¹) / (1 + இசட்⁻¹) என்று போடுங்கள். டி என்பது இரு மாதிரிகளுக்கு இடையிலான நேரம், இசட்⁻¹ என்பது ஒரு மாதிரி தாமதம். முடிவில்லாத அனலாக் அதிர்வெண் அச்சு முழுவதும் 0 முதல் 4000-க்குள் நெருங்கி அடங்கிவிடும். மடிப்பு கிடையாது.

ஆனால் நெருக்கினால் இடம் நகரும். அப்படியே போட்டால் 1000 ஹெர்ட்ஸ் வெட்டு 953-இல் போய் நிற்கும். 3000 கேட்டிருந்தால் 2208! ஆகவே முன்கூட்டியே திருத்துங்கள். இதை ப்ரீவார்ப்பிங் என்பார்கள், தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். திருத்திய வெட்டுதான் கே:

கே = டேன்(பை × 1000 / 8000) = 0.4142

அப்புறம் 1/(1+கே) = 0.7071, (1−கே)/(1+கே) = 0.4142. ஃபில்டர் இவ்வளவுதான்:

வெளியீடு = 0.7071 × (இப்போதைய உள்ளீடு − முந்தைய உள்ளீடு) + 0.4142 × முந்தைய வெளியீடு

சரிபார்க்க 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையை உள்ளே விடுங்கள். வீச்சு 0.707 மடங்காக வர வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆடியின் பலத்த காற்றுக்கு அது எனக்குப் போதவில்லை. இன்னும் செங்குத்தாக வெட்டும் இரண்டாம் படி பட்டர்வொர்த் ஃபில்டரை எடுத்து, கே-யை முதலில் கணக்கிட்டு, இதே வழியில் மாற்றினேன். 100 ஹெர்ட்ஸ் நூற்றில் ஒரு பங்கானது. சின்னானின் குரல் தெளிவாகக் கேட்டது.