குதிகால் நாண் வலிக்குப் பிறகு மறுபடி போட்டி ஓட்டம்

அக்கிலீஸ் நாண் (கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்) வலிக்கு ஓய்வு மட்டும் எனக்குப் போதவில்லை. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே இறுக்கம். என்னை மீட்டது படிக்கட்டுப் பயிற்சிதான்: வலிக்கும் காலின் முன்பாதத்தைப் படி விளிம்பில் ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. முழங்காலை நீட்டி 15 தடவை 3 சுற்று, மடித்தும் அதே அளவு, காலை மாலை இரு வேளையும், 12 வாரம். மேலே ஏற நல்ல காலைப் பயன்படுத்துங்கள். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை அது கூடியிருக்கக் கூடாது. நான் முழுதாக நம்பும் அளவுகோல் இதுதான்.

அப்புறம் கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் நடையும் ஓட்டமும் மாறி மாறி. வெள்ளவத்தைக் கடற்கரை மணலைத் தவிர்த்தேன்; குதி புதைந்தால் நாண் அதிகம் இழுபடும். வேகப் பயிற்சி கடைசியில்தான். ஒற்றைக் காலில் வலியின்றித் துள்ள முடிந்த பிறகே சுகததாச மைதானத்தில் 5000 மீற்றர் ஓடினேன். படிப் பயிற்சியை இன்னும் விடவில்லை.