சென்னை – டொராண்டோ: டிக்கெட்டில் உள்ள மணியை நம்பாதீர்கள்

டொராண்டோவுக்கு வந்து வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு வழியாக முடிந்ததும் அடுத்த வேலை விமான டிக்கெட்தான். ஒன்று நாம் ஊருக்குப் போக வேண்டும், இல்லை அப்பா அம்மாவை இங்கே வரவழைக்க வேண்டும்.

சென்னைக்கும் இங்குள்ள பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வழி சுமார் 13,400 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து என்றால் 14,000. நேரடி விமானம் இல்லாததால் எந்த வழி அதிகச் சுற்று என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து துபாய் வழியாக வந்தாலும் சுமார் 14,000, லண்டன் வழியாக வந்தாலும் அதே 14,000 கிலோமீட்டர்தான். டெல்லி ஏறக்குறைய நேர்வழியிலேயே இருக்கிறது. ஆனால் எந்த நிறுவனம் எந்த நாட்டு வான்வெளியில் பறக்கலாம் என்பது அரசியலைப் பொறுத்தது. ரஷ்ய வான்வெளி 2022 முதல் கனடா விமானங்களுக்கு மூடியிருக்கிறது. அதனால் வரைபடத்தை மூடி வைத்துவிட்டு மொத்த நேரத்தைப் பாருங்கள்.

அதில்தான் குழப்பமே. சென்னையில் காலை 4 மணிக்குப் புறப்பட்டு அதே நாள் மாலை 4 மணிக்கு டொராண்டோ என்று டிக்கெட்டில் இருந்ததைப் பார்த்து, "பன்னிரண்டு மணி நேரம்தானா, பரவாயில்லையே" என்றார் என் அம்மா. குளிர்காலத்தில் இந்தியா நமக்குப் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதையும் கூட்டினால் இருபத்திரண்டரை மணி நேரம். திரும்பிப் போகும்போது அதைக் கழிக்க வேண்டும். ஞாயிறு மதியம் 2 மணிக்கு ஏறி திங்கள் இரவு எட்டரைக்குச் சென்னையில் இறங்கினால், முப்பதரை மணி போலத் தோன்றும் பயணம் உண்மையில் 20 மணி நேரம்தான். மேலே வீசும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போவதால் ஊருக்குப் போகும் பயணம் கொஞ்சம் சீக்கிரமாகவும் முடியும்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இங்கே கடிகாரம் ஒரு மணி முன்னே நகர்வதால் வித்தியாசம் ஒன்பதரையாகிவிடும். இலங்கைக்கும் இதே கணக்குதான்.

பெற்றோருக்கு எடுக்கிறீர்கள் என்றால், இரண்டு விமானங்களுக்கு இடையில் மூன்று நான்கு மணி நேரம் இருப்பதாகப் பாருங்கள். ஒன்றரை மணி நேரக் கனெக்ஷனில் முதல் விமானம் தாமதமானால் வயதானவர்களால் ஓட முடியாது. விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுக்கவே வேண்டாம். நான் ஒருமுறை அப்படி எடுத்து, முதல் விமானம் தாமதமாகி, அடுத்த டிக்கெட்டை என் காசிலேயே மறுபடி வாங்கினேன். இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், இடையில் இறங்கும் நாட்டுக்குப் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் டிரான்ஸிட் விசா வேண்டுமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் முகவரியையும் கைபேசி எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இமிக்ரேஷனில் கேட்கும்போது போனில் சார்ஜ் இருக்காது.

பியர்சனில் டெர்மினல் 1, 3 என்று இரண்டு உண்டு. எது என்று பார்த்துவிட்டு அவர்களை அழைத்துவரக் கிளம்புங்கள். ஸ்கார்பரோவிலிருந்து வருபவர்கள் 401 நெடுஞ்சாலையின் மாலை நெரிசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளிர்காலமென்றால் காரில் இரண்டு ஜாக்கெட் கூடுதலாக இருக்கட்டும். அவர்கள் கொண்டுவந்தது பெட்டியின் அடியில் கிடக்கும்.