மொட்டை மாடியில் ஒரு டேங்க்: ரிமோட் டேங்க் ஓட்டத் தொடங்கும் குடும்பங்களுக்கு

எங்கள் வீடு ஆவடியில். 1965-ல் முதல் விஜயந்தா ராணுவ டேங்க் வெளியே வந்த எச்.வி.எஃப். என்ற கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் மாமா, அதாவது என் மாமனார், வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பையனுக்கு எட்டு வயதானபோது முதலில் ரிமோட் கார்தான் வாங்கினோம். மாடியில் அதன் வேகத்துக்கு இடம் போதவில்லை. மூன்றாம் நாளே கைப்பிடிச் சுவரில் மோதி முன்சக்கரம் போய்விட்டது. டேங்க் அப்படியில்லை, ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. அதனால்தான் பேரனும் தாத்தாவும் ஒரே ரிமோட்டை மாற்றி மாற்றிப் பிடிக்க முடிகிறது. நாங்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: வண்டியைத் தேர்ந்தெடுப்பது

நிஜ டேங்க்கில் பதினாறில் ஒரு பங்கு அளவில் (1/16) வாங்குங்கள். இதைவிடச் சின்னதில் பழுது பார்க்க விரல் நுழையாது. தாமியா நிறுவனம் 1974-ல் தன் முதல் ரிமோட் வண்டியாக ஷெர்மன் டேங்கைக் கொண்டுவந்ததும் இதே அளவில்தான். தாமியா விலை அதிகம், தொடங்குபவர்களுக்கு ஹெங் லாங் என்ற சீன நிறுவனத்தின் வண்டி போதும். நாங்கள் எடுத்தது டி-90. நிஜ டி-90 ஆவடியிலேயே தயாராவதால் வீட்டில் மறுபேச்சே எழவில்லை. குழல் முனையிலிருந்து பின்பக்கம் வரை கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர், அலமாரியில் இடம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டைகர் டேங்க் அழகுதான். ஆனால் அதன் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. உள்சக்கரத்தில் சிக்கிய கல்லை எடுக்க வெளிச்சக்கரத்தையும் கழற்ற வேண்டியிருக்கும். முதல் வண்டிக்கு அது வேண்டாம்.

பிளாஸ்டிக் குண்டு சுடும் மாடலும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கதிரால் சுடும் மாடலும் உண்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்ஃப்ராரெட் மட்டுமே. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

படி 2: பேட்டரி

பெட்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடாதீர்கள். ஓட்டி முடித்த சூட்டோடும் போடக் கூடாது, அரை மணி நேரம் ஆறட்டும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவராதீர்கள்.

கூடுதல் பேட்டரி வாங்கச் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கனெக்டர் பொருந்தினாலும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். அப்படியே செருகினால் போர்டு கருகிவிடும்.

படி 3: முதல் ஓட்டம்

ரிமோட்டை முதலில் ஆன் செய்து, பிறகு டேங்க்கை ஆன் செய்யுங்கள். நிறுத்தும்போது டேங்க் முதலில், ரிமோட் கடைசியில்.

டேங்க்கில் ஸ்டியரிங் கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார். ஒரு பக்கம் மெதுவானால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் சொரசொரப்பான தளத்தில் அது ட்ராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையை) பக்கவாட்டில் இழுத்துக் கழற்றிவிடும். முதல் வாரம் மூன்று செங்கல்களை வைத்து, முன்னே நகர்ந்தபடியே அகலமாக வளைந்து சுற்றிவரப் பழக்குங்கள்.

படி 4: ட்ராக்

இந்தப் பொழுதுபோக்கின் உயிரே இங்கேதான். முதல் மாதத்தில் எங்களுக்கு ட்ராக் கழலாத நாளே இல்லை. தளர்வாக இருக்கிறது என்று நினைத்து நான் இறுக்கிக்கொண்டே போனேன். மோட்டார் சூடானது, பல்சக்கரம் முனக ஆரம்பித்தது. மாமா வண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீணைக் கம்பி மாதிரி முறுக்காதேம்மா. கொஞ்சம் தொங்கணும்."

டி-90-ல் பின்னால் இருக்கும் பல்சக்கரம்தான் ட்ராக்கை இழுக்கிறது. முன்னால் இருப்பது வெறுமனே சுற்றும் சக்கரம், அதை முன்பின் நகர்த்தித்தான் இறுக்கம் மாற்ற வேண்டும். டேங்க்கைத் தூக்கி, மேல்பக்க ட்ராக்கை விரலால் அழுத்துங்கள். ஐந்து மில்லிமீட்டர் அமுங்கினால் எங்கள் வண்டிக்குச் சரி. இரண்டு பக்கமும் ஒரே அளவு அமுங்க வேண்டும், இல்லாவிட்டால் நேராகவே போகாது. எவ்வளவு நகர்த்தியும் தளர்வு போகவில்லையென்றால், கண்ணிகளை இணைக்கும் சின்னக் கம்பியை மெல்லிய ஊசியால் தள்ளி ஒரு கண்ணியை எடுத்துவிடுங்கள். இந்த வேலையை இப்போது பையனே செய்கிறான், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்துச் சொல்கிறார்.

உலோக ட்ராக் வாங்கும் ஆசை வரும். பிளாஸ்டிக் பல்சக்கரப் பெட்டியோடு அதைப் போட்டால் அந்த எடைக்குப் பற்கள் தேய்ந்துவிடும். முதலில் பெட்டியை மாற்றுங்கள், பிறகு ட்ராக்.

மெரினா மணலில் ஓட்ட வேண்டாம். உப்பு திருகாணிகளைத் துருப்பிடிக்க வைக்கும், பொடிமணல் பற்களுக்குள் போய் அரைக்கும். மாடியும், தெருமுனையில் கொட்டிய செம்மண்ணும் போதும். ஓட்டி முடித்ததும் பழைய டூத்பிரஷால் தேய்த்துவிடுங்கள். ட்ராக்கில் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்து வைக்கும்.

புகை வரும் வசதி இருந்தால் அணைத்தே வையுங்கள். அதற்கான திரவம் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் திரி கருகும்.

படி 5: இரண்டு டேங்க்

மூன்று நான்கு மாதம் கழித்து, ஒன்றையொன்று சுட்டுச் சண்டை போட இரண்டாவதை வாங்கலாம். ஒரே இன்ஃப்ராரெட் முறையா என்று கேட்டு வாங்குங்கள். தாமியா முறையில் இலகு வண்டி 3 சூடு, நடுத்தரம் 6, கனரகம் 9 சூடு தாங்கும். சின்னவர்களுக்குக் கனரகத்தைக் கொடுத்தால் ஆட்டம் நீளும். சூரிய ஒளியிலும் இன்ஃப்ராரெட் இருப்பதால் உச்சி வெயிலில் சென்சார் குழம்பும். வெயில் தாழ்ந்து, அத்தை வடாம் துணியைச் சுருட்டியபிறகுதான் எங்கள் மாடியில் சண்டை ஆரம்பம்.